மாமரத்தடி வெள்ளி

மாமரத்தடியில் புல் நிற்காது. காசைக் கொட்டிப் புல்தரை பதித்தாலும் கொஞ்ச நாளில் அது தேய்ந்து செம்மண் தெரிந்துவிடும். அந்த நிழலுக்கென்றே பிறந்த செடி ட்ரடஸ்காண்டியா ஜீப்ரினா. பெரும்பாலான வீடுகளில் இது பால்கனித் தொட்டியில் தொங்குகிறது. அது பாதி அழகுதான். தரையில் கணுவுக்குக் கணு வேர் பிடித்துப் பாய் விரிக்கும்போதுதான் இதன் முழு வீரியமும் தெரியும்.

ஓர் இலையைக் கிள்ளிப் பாருங்கள். நடுவில் கரும்பச்சைக் கோடு, அதன் இருபுறமும் அகலமாக வெள்ளிப் பட்டைகள், ஓரத்தில் மறுபடி பச்சையும் ஊதாவும். புரட்டினால் அடிப்புறம் முழுக்க அடர்ஊதா. காலை வெயிலில் இலையை லேசாகச் சாய்த்துப் பிடித்தால், கல் உப்பைப் பொடித்துத் தூவியது போல அந்தப் பட்டை மினுங்கும். இத்தனைக்கும் அதில் வெள்ளை நிறமி எதுவும் கிடையாது. மேல்தோலுக்கும் அதன் கீழுள்ள பச்சைத் திசுவுக்கும் நடுவே காற்று நிறைந்த இடைவெளிகள் இருக்கின்றன. வெளிச்சம் அங்கே பட்டுத் திரும்புகிறது, அவ்வளவுதான். ஊதா மட்டும் நிஜமான நிறமி, ஆந்தோசயனின்.

மெக்சிகோவும் மத்திய அமெரிக்காவும் இதன் தாயகம். இங்கிலாந்து மன்னர் முதலாம் சார்லஸிடம் தோட்டக்காரர்களாக இருந்த ட்ரடஸ்காண்ட் தந்தை, மகன் பெயரை லின்னேயஸ் இந்தப் பேரினத்துக்குச் சூட்டினார். ஆனாலும் நமக்கு இது அந்நியமில்லை. வயல் வரப்பில் நீலப் பூ பூக்கும் கானாவாழை இதே குடும்பம். பிடுங்கி வரப்பில் எறிந்த கானாவாழை ஒரு மழைக்கு மறுபடி தலைதூக்குவதைப் பார்த்தவர்களுக்கு, இந்தச் செடியின் குணத்தைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

நடுவதற்குப் பருவம் மழைக்காலத் தொடக்கம். நாலு விரல் நீளத்துக்குப் போத்து வெட்டி, கீழ் இலையை உருவிவிட்டு, ஒரு கணுவாவது மண்ணுக்குள் போகும்படி சாண் இடைவெளியில் ஊன்றினால் போதும். மண்ணில் மட்கிய இலைச்சருகு கலந்திருக்கட்டும். தண்ணீர் மட்டும் தேங்கக்கூடாது. உச்சிவெயில் பட்டால் இலை வெளுத்து ஓரம் கருகும். இருட்டான மூலையில் வைத்தால் கணுவிடை நீண்டு, கோடு மங்கி, செடி தன் அடையாளத்தையே இழந்துவிடும். இலைகளுக்கிடையே வடிந்து இறங்கும் வெயில்தான் இதற்கு உகந்தது. அதனால்தான் மாமரத்தடியைச் சொல்கிறேன்.

இந்தச் செடியை வளர்ப்பதில் கலை என்று ஒன்று இருந்தால், அது கிள்ளுவதில்தான் இருக்கிறது. உரம் போட்டு ஊக்கப்படுத்த வேண்டிய செடி அல்ல இது. நுனியைக் கிள்ளினால் கீழ்க்கணுவில் பக்கக்கிளை வெடிக்கும், பாய் அடர்த்தியாகும். விட்டுவிட்டால் தண்டு நீண்டு ஓட, அடிப்பகுதி மொட்டையாகிவிடும். கிள்ளியதை அந்த மொட்டை இடத்திலேயே ஊன்றிவிடலாம். சாறு பட்டால் சிலருக்கு அரிக்கும், நாய்களுக்கும் அப்படித்தான், கையுறை நல்லது.

வெள்ளையும் இளஞ்சிவப்பும் கலந்த ‘குவாட்ரிகலர்’ ரகத்துக்குக் கண் இன்னும் கூர்மையாக வேண்டும். வெண்பகுதியில் பச்சையம் இல்லாததால் அது மெதுவாகத்தான் வளரும். நடுவே வெண்மை கலக்காத தண்டு ஒன்று கிளம்பினால் வேகமாக ஓடி மற்றதையெல்லாம் அமுக்கிவிடும். பார்த்த அன்றே அடியோடு வெட்ட வேண்டும். இந்த ரகத்தைத் தரையில் விடுவதைவிட அகன்ற தொட்டியில் வைப்பதே சரி என்பது என் கட்சி. மரத்தடிக்குப் பழைய வெள்ளிக்கோட்டு ரகத்தை மிஞ்ச ஆளில்லை. எப்போதாவது தலைகாட்டும் மூன்றிதழ் ஊதாப் பூ அழகுதான், ஆனால் அதற்காக யாரும் இதை வளர்ப்பதில்லை.

பாத்தியைச் சுற்றி செங்கல்லைக் குத்துக்கல்லாகப் பதித்து, தாண்டி வரும் தண்டை அவ்வப்போது நறுக்கினால் செடி சொன்ன இடத்தில் நிற்கும். தென்னாப்பிரிக்காவில் இதை ஊடுருவும் களையாகவே அறிவித்திருக்கிறார்கள். ஒரு கணு கிடந்தாலே முளைத்துவிடும் என்பதால், வெட்டிய தண்டுகளை வாய்க்காலிலோ ஏரிக்கரையிலோ கொட்டாதீர்கள். மொட்டைமாடி வெயிலில் சருகாகக் காயவிட்டு, அதன்பிறகு எருக்குழியில் போடுங்கள்.