ஊர்காணலும் ஊர்சூழ்தலும்: நடந்தெடுத்த நகர ஒளிப்படங்கள் குறித்த ஒரு நோக்கு

முன்னுரை

நகரத்தை நடந்து காணும் இலக்கிய வடிவங்களுள் சிலப்பதிகாரத்தின் இரு பகுதிகள் தனித்துக் கருதத்தக்கவை. ஒன்று ஊர்காண் காதை. மற்றொன்று ஊர்சூழ் வரி. இரண்டும் மதுரைக் காண்டத்தில் அமைந்தவை; இரண்டிலும் ஊர் ஒன்றே. முன்னதில் நடப்பவன் கோவலன். பின்னதில் நடப்பவள் கண்ணகி. ஊர்காண் காதை நகர வருணனைக்கும், ஊர்சூழ் வரி அவலச் சுவைக்கும் சான்றாகப் பெரும்பாலும் தனித்தனியே பயிலப்படுகின்றன. இரண்டையும் நகரில் நடத்தல் என்னும் ஒரே செயலின் இரு வகைகளாக இணைத்து நோக்கினால், கேமராவுடன் நகரில் நடந்தோரின் ஆக்கங்களைத் திறனாய்வதற்கும் ஓர் அளவுகோல் கிடைக்கிறது. காப்பியத்திற்கும் ஒளிப்படத்திற்கும் இடையே தாக்க உறவு உண்டென்பது இதன் பொருளன்று. காண்போர், காணப்படுவோர் என்னும் உறவே இங்கு ஒப்பீட்டின் களம்.

கோவலன் கண்ட மதுரை

கண்ணகியைக் கவுந்தியடிகளின் பொறுப்பில் புறஞ்சேரியில் விட்டுக் கோவலன் மட்டும் நகருக்குள் செல்கிறான். பரத்தையர் வீதி, அங்காடி, மணிகளின் குணமும் குற்றமும் வகுக்கப்படும் வீதி, பொற்கடை வீதி, அறுவை வீதி, கூல வீதி எனக் காட்சிகள் வரிசையாக விரிகின்றன. பட்டியலிடும் இப்பார்வை வணிகக் குடியில் பிறந்தவனுக்கு இயல்பானது. அவன் யாரையும் வினவுவதில்லை. அவனையும் எவரும் தடுப்பதில்லை. திரும்பி வந்தவன், மதுரையைத் தீதற்ற நகரென்றும் பாண்டியன் ஆட்சியைச் சிறந்ததென்றும் கவுந்தியடிகளிடம் எடுத்துரைப்பதாக அடுத்த காதை தொடங்குகிறது. அந்நகரில்தான் அவன் கொலையுண்கிறான். மணியின் குற்றத்தை வகுத்துக் காட்டும் வீதியைக் கண்டு வந்தவன் நகரின் குற்றத்தைக் காணவில்லை. ஊர்காணலின் வளமும் வரம்பும் இம்முரணில் ஒருங்கே வெளிப்படுகின்றன.

அட்ஜே கண்ட பாரிசு

ஒளிப்படத்தில் ஊர்காணலின் முதன்மைச் சான்றாக யூஜின் அட்ஜே (1857–1927) என்பவரைக் கொள்ளலாம். 19ஆம் நூற்றாண்டின் இறுதி ஆண்டுகளில் தொடங்கி ஏறத்தாழ முப்பது ஆண்டுகள், 18×24 செ.மீ. கண்ணாடித் தகடுகளையும் மரத்தாலான கேமராவையும் சுமந்து அவர் பழைய பாரிசில் நடந்தார். ஓஸ்மானின் சீரமைப்பில் எழுந்த அகன்ற சாலைகளை விட, அச்சீரமைப்பிற்குத் தப்பி எஞ்சிய சந்துகள், முற்றங்கள், கதவுகள், கடைமுகப்புகள் ஆகியனவே அவர் நாடியவை. தம் பணியைக் கலைஞர்களுக்கான ஆவணம் என்றே அவர் அறிவித்துக்கொண்டார். படங்களை எண்ணிட்டு, வரிசைகளாகப் பகுத்து, நூலகங்களுக்கும் அருங்காட்சியகங்களுக்கும் விற்றார். 1920இல் 2,600க்கும் மேற்பட்ட தகடுகளை 10,000 பிராங்குகளுக்குப் பிரெஞ்சு அரசு வாங்கிக்கொண்டது. வீதி வீதியாக வகைப்படுத்திச் செல்லும் கோவலனின் முறையோடு இது ஒப்புநோக்கத்தக்கது.

அட்ஜேயின் வீதிகள் பெரும்பாலும் ஆளற்றவை. வைகறையில் பணியாற்றியதும், ஒளியை நீண்ட நேரம் உள்வாங்க வேண்டியிருந்ததும் இதற்குக் காரணங்கள். நகர்வோர் தகட்டில் மங்கலான நிழலாயினர். சிலர் முற்றிலும் மறைந்தனர். இவ்வெறுமையைக் குற்றம் நிகழ்ந்த இடத்தின் வெறுமையோடு வால்டர் பெஞ்சமின் ஒப்பிட்டது நன்கு அறியப்பட்டதே. ஊர்காண் காதையை அடுத்தடுத்த காதைகளோடு சேர்த்துப் படிப்பவருக்கு இவ்வொப்பீடு கூடுதல் பொருள் தரும். கோவலன் மகிழ்ந்து நடந்த வீதிகளும் குற்றம் நிகழவிருந்த இடமே.

எனினும் அட்ஜேயை மக்களைக் காணாதவர் எனத் தள்ளிவிட இயலாது. 1898–1900 காலத்துத் தெருவணிகர் படங்களும், நகர எல்லையில் வாழ்ந்த குப்பை பொறுக்குவோரை 1912–13இல் எடுத்த படங்களும் அக்கூற்றை மறுக்கும். 1921இல் ஓர் ஓவியரின் வேண்டுகோளுக்காகப் பாலியல் தொழிலாளரையும் அவர் படமெடுத்தார். ஆனால் இவர்கள் பெரும்பாலும் தொழிலின் பெயராலேயே பதிவாயினர். பரத்தையர் வீதியைக் கடந்து சென்ற கோவலனின் பார்வையிலும் தனிப்பெயர்கள் இல்லை.

காணப்படுபவள் நடத்தல்

ஊர்சூழ் வரியில் நிலைமை தலைகீழாகிறது. எஞ்சிய ஒற்றைச் சிலம்பைக் கையிலேந்திக் கண்ணகி நடக்கிறாள். அவள் ஊரைக் காண வந்தவள் அல்லள். ஊர்தான் அவளைக் காண்கிறது. அவளைக் கண்ட மதுரை மக்கள் அஞ்சுகின்றனர், இரங்குகின்றனர், தமக்குள் பேசுகின்றனர். அவளோ பெண்டிரும் சான்றோரும் தெய்வமும் இந்நகரில் உண்டோ என வினவுகிறாள். கோவலன் நடந்தபோது காட்சிப்பொருளாய் இருந்த நகரம், கண்ணகி நடக்கும்போது விடையளிக்கக் கடமைப்பட்டதாகிறது.

நகரில் தனித்து நடக்கும் பெண் தான் காணப்படுவதை மறக்க இயலாது. பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பாரிசின் இலக்கியம் போற்றிய ‘ஃப்ளனேர்’ என்னும் நகர உலாவி ஆணாகவே கற்பிக்கப்பட்டதற்கும் இதுவே காரணம். அமெரிக்க ஒளிப்படக்காரர் விவியன் மேயரின் (1926–2009) ஆக்கங்கள் இவ்விடத்தில் கருதத்தக்கவை. பிறர் வீட்டுக் குழந்தைகளை வளர்க்கும் செவிலியாகச் சிகாகோவில் வாழ்ந்த அவர், ரோலிஃபிளெக்ஸ் கேமராவுடன் தெருக்களில் நடந்து ஒரு இலட்சத்திற்கும் மேற்பட்ட படங்களை எடுத்தார். அக்கேமராவை மார்புக்கும் இடைக்கும் நடுவே பிடித்துத் தலைகுனிந்து நோக்க வேண்டும். அவருடைய படங்கள் பலவற்றில் அவரே இருக்கிறார்: கடைக் கண்ணாடியில் உருவமாக, புல்தரையில் நிழலாக. அட்ஜேயின் கடைக் கண்ணாடிகளிலும் சில வேளைகளில் கேமராவின் எதிருரு தெரிவதுண்டு. அங்கு அது தற்செயலாகத் தோன்றுகிறது. மேயரிடம் தேடி அமைத்துக்கொண்டதாக நிற்கிறது. காண்பவளும் காட்சிக்குள் இருக்கிறாள் என்னும் ஒப்புதல் அது.

ஆயினும் மேயரைக் கண்ணகியோடு முற்றும் பொருத்துவது மிகையாகும். கண்ணகி வினவினாள், மேயர் வினவாமலே பலரைப் படமாக்கினார். தம் படங்களை அவர் வெளியிடவும் இல்லை. 2007இல் அவருடைய பொருள்கள் ஏலத்தில் பிறர் கைக்குச் சென்றபின், அவர் மறைந்த பிறகே புகழ் வந்தது. 2014இல் உரிமை குறித்த வழக்கும் எழுந்தது. பிறரைக் கேளாமல் கண்டவர், இறுதியில் தாமும் கேட்கப்படாமலே உலகின் காட்சிப்பொருளானார்.

முடிவுரை

இவ்வொப்பீடு தமிழாய்வுக்குப் புறம்பான செய்தியன்று. மரபு நடை என்னும் பெயரில் மாணவர்கள் இன்று கேமராவுடனும் கைப்பேசியுடனும் பழைய தெருக்களில் நடக்கின்றனர். கோபுரமும் திண்ணையும் தூணும் பதிவாகின்றன. அத்திண்ணையில் அமர்ந்திருப்பவர் சட்டகத்தை மறைப்பவராகக் கருதப்பட்டுச் சற்று விலகி நிற்குமாறு வேண்டப்படுவதுண்டு. நீண்ட ஒளியேற்றத்தால் அட்ஜேயின் தகட்டில் நேர்ந்த மறைவு, இங்கு வேண்டுமென்றே நிகழ்த்தப்படுகிறது.

ஊர்காணல் தவறன்று, அட்ஜே நடவாதிருந்தால் மறைந்துபோன பாரிசின் பல மூலைகள் நினைவிலும் எஞ்சியிரா. எனினும் அது பாதிப் பணியே. கண்ட ஊரைத் தீதற்றது எனப் புகழ்ந்தவனின் முடிவைக் காப்பியம் மறைக்கவில்லை. களப்பணிக்குச் செல்லும் மாணவர் ஒரு வீட்டின் முகப்பைப் படமெடுக்குமுன் அவ்வீட்டாரிடம் பெயரும் இசைவும் கேட்டறிவாராயின், ஊர்காணல் ஊர்சூழ்தலின் பக்கம் ஓரடி நகர்ந்ததாகும்.