ரசமும் ரேக்கும்

நீலக்கல் கைக்கு வந்தால் காயல்பட்டினத்து வியாபாரி முதலில் லென்ஸை எடுப்பார். உள்ளே பட்டு இழைகள் கலையாமல் இருந்தால் சூடுகாட்டாத கல் என்று விலை ஏறும். ஐரோப்பாவின் பழைய பொன்சட்ட நிலைக்கண்ணாடிகளை எடைபோடவும் அதே கண் வேண்டும்.

முதலில் ரசத்தைப் பார்க்க வேண்டும். கண்ணாடியில் வெள்ளி படியவைக்கும் முறையை ஜெர்மானியர் லீபிக் 1835இல் கண்டார். அது பரவப் பல பத்தாண்டுகள் ஆயின. அதற்கு முன் வெள்ளீயத் தகடும் பாதரசமும்தான். அந்த ரசம் வயதானால் சாம்பல் பூத்து, ஓரங்களில் மணல் தூவினாற்போல் புள்ளி விழும். ‘ரசம் போயிற்று’ என்று புதுக் கண்ணாடி போடுகிறவர் மதிப்பையும் சேர்த்துக் கழற்றி எறிகிறார்.

வெனிஸ் பாணியில் சட்டமே பெரும்பாலும் கண்ணாடித் துண்டுகள். பொன்னுக்கு இடம் குறைவு. பொன் கொழித்தது பிரான்சில். 1684இல் முடிந்த வெர்சாய் கண்ணாடி மண்டபத்தில் 357 கண்ணாடிகள். பதினான்காம் லூயிக்குச் சூரிய முகம், பதினைந்தாம் லூயி காலத்தில் கிளிஞ்சலும் சுருளும், பதினாறாம் லூயி காலத்தில் நேர்ச்சட்டத்தின் தலையில் ஜோடிப் புறாவும் அம்பறாத்தூணியும்: காதலின் சின்னங்கள். இங்கிலாந்தில் மரச்சாமான் கலைஞர் சிப்பென்டேல் 1754இல் வெளியிட்ட மாதிரிநூலில் சீனச் சாயலும் கலந்தது. பிறகு வந்தது, உச்சியில் கழுகு அமர்ந்த வட்டக் குவிகண்ணாடி. கழுகைக் கண்டதும் ‘அமெரிக்கா’ என்பார்கள். அது 1782 முதல் அந்நாட்டு முத்திரையில் இருப்பது மெய்தான், ஆனால் லண்டன் பட்டறைகளும் அதே கழுகைச் செதுக்கின. உயிருருவம் வேண்டாத வீட்டுக்கு நான் கொடியும் இலையும் ஓடும் சட்டத்தையே சொல்வேன்.

சின்னத்தைப் பார்த்து விலை பேசுவது அவசரம். தரம் பொன்னில் இருக்கிறது. செதுக்கிய மரத்தின்மேல் சாக்கட்டிப் பொடியும் தோல்பசையும் பல தடவை பூசி, அதன்மேல் செம்மண் தடவி, நீர் தொட்டுத் தங்க ரேக்கை ஒட்டி, அகேட் கல்லால் தேய்ப்பார்கள். வார்த்த பொன்போல் மின்னும். எண்ணெய்ப் பசையில் ஒட்டிய ரேக்கு அப்படி மெருகேறாது. மேடான இடங்களில் பொன் தேய்ந்து செம்மண் எட்டிப் பார்த்தால் நல்லது. அந்தத் தேய்மானத்தை மறைக்கப் பித்தளைப்பொடிச் சாயம் அடித்திருந்தால் சில ஆண்டுகளில் கறுத்துக் காட்டிக்கொடுக்கும். அப்படிப்பட்டதை வாங்கவே வேண்டாம்.

கடற்கரை ஊரில் இன்னொரு சிக்கல். நீர் தொட்டு ஒட்டிய பொன் நீரிலேயே போய்விடும். ஈரத்துணி ஒருமுறை பட்டாலும் போதும். உலர்ந்த மென்தூரிகையால் மட்டும் தூசி தட்டுங்கள். ஈரம் ஏறும் சுவரை ஒட்டாமல் சற்றே விலக்கி மாட்டுங்கள். பின்பலகையைக் கழற்ற நேர்ந்தால் ரசத்தைச் சுரண்டாதீர்கள், பாதரசம் நஞ்சு.