46 காசு

‘வீட்டிலிருந்தே, உங்களுக்கு வசதியான நேரத்தில்’ என்ற ஆசைச்சொல்லைப் பெண்கள் நாம் நெடுங்காலமாகக் கேட்டு வருகிறோம். இப்போது மாற்றுத்திறனாளிகளிடமும் அதையே சொல்கிறார்கள். 2005-இல் அமேசான் தொடங்கிய மெக்கானிக்கல் டர்க் போன்ற தளங்கள், பெரிய வேலையைத் துணுக்குகளாக்கி, முகமறியாத பலருக்கு இணையம்வழி பிரித்துக் கொடுக்கின்றன. படங்களை வகைப்படுத்துவது, ஒலிப்பதிவை எழுத்தாக்குவது போன்ற வேலைகள். பேருந்து ஏற வேண்டாம், படிக்கட்டு ஏற வேண்டாம். உண்மைதான்.

ஆனால் பார்வையற்றவர் ஒருவரைப் பல இடங்களில் கேப்ட்சா வாசலிலேயே நிறுத்திவிடுகிறது. அதைத் தாண்டினாலும், பெயரிடப்படாத பட்டன்களைத் திரைவாசிப்பான் எப்படி வாசிக்கும்? இவற்றையெல்லாம் சரிசெய்துவிடலாம். சரிசெய்யப் பலரும் தயங்குவது கடிகாரத்தைத்தான். ஒவ்வொரு துணுக்குக்கும் வேலை கொடுப்பவர் கெடு வைக்கிறார். எந்த உடலின் வேகத்தை அளந்து வைத்த கெடு அது? தாண்டினால் செய்த உழைப்பு வீண். முடித்துக் கொடுத்தாலும் அவர் நிராகரிக்கலாம். அப்போது கூலி இல்லை, அடுத்த வேலை கிடைப்பதும் கடினமாகும். எப்போது உட்காரலாம் என்பது மட்டுமே நம் வசதி.

2018-இல் வெளியான பிஸ்பீக் ஆய்வு இந்தியாவில் நடந்தது. பார்வையற்றோர் சிறு ஒலித்துண்டுகளைக் கேட்டு, கைப்பேசியில் திருப்பிச் சொல்வார்கள். பேச்சறியும் மென்பொருள் அதை எழுத்தாக்கும். கண்ணை நம்பாத, காதின் கூர்மைக்கு மதிப்பளித்த வடிவமைப்பு; பாராட்டத்தான் வேண்டும். ஏழ்மையில் வாழும் 24 பேர் இரண்டு வாரங்களில் ஏறத்தாழ 16,000 துணுக்குகளை முடித்தார்கள். அனைவரும் சேர்ந்து ஈட்டியது 7,310 ரூபாய். வகுத்துப் பார்த்தேன்: துணுக்குக்கு 46 காசு, ஆளுக்குச் சராசரியாக 305 ரூபாய். சிறு சோதனை முயற்சிதான், முழுநேர ஊதியத்தோடு ஒப்பிடக்கூடாது என்பார்கள். ஒப்பிடவில்லை. கதவு திறந்த பிறகும் கூலியைப் பற்றிப் பேச வேண்டியிருக்கிறது என்கிறேன்.

வீட்டுத் திண்ணையில் பீடி சுற்றும் பெண்ணையும் தொழிலாளி என்று 1966-ஆம் ஆண்டின் பீடி, சுருட்டுத் தொழிலாளர் சட்டம் ஏற்றது. மெக்கானிக்கல் டர்க்கின் ஒப்பந்தமோ துணுக்கு வேலை செய்பவரைச் ‘சுயேச்சை ஒப்பந்ததாரர்’ என்கிறது. முதலாளி என்று எவரும் இல்லாத இடத்தில், விரல்கள் மெதுவாக இயங்கும் ஒரு பெண் இன்னும் பத்து நிமிடம் வேண்டுமென்று யாரிடம் கேட்பாள்?