கோமாளியின் அடியும் நடனப்பாவையின் இடுப்பும்

குமரி மாவட்டத்துத் தோல்பாவைக்கூத்தில் ராமாயணம் பார்த்துவிட்டு எழுந்து போகிறவர்களின் வாயில் ராமனைவிட உச்சிக்குடும்பன், உளுவத்தலையன் என்ற கோமாளிகள்தான் அதிகம் புழங்குவார்கள். மராட்டியைத் தாய்மொழியாகக் கொண்ட மண்டிகர் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக நடத்திவரும் கூத்து இது. இந்த இரண்டு கோமாளிகளும் ஒருவரையொருவர் அறைகிறார்கள், உதைக்கிறார்கள், வாய்க்கு வந்த கொச்சையெல்லாம் பேசுகிறார்கள். காவியத்தின் நடுவே இது எதற்கு, கதையின் நம்பகத்தன்மை இதனால் கெடாதா என்று கேட்கலாம். ஜப்பானிய அனிமே நகைச்சுவைத் தொடர்களைப் பற்றி எழும் கேள்வியும் இதேதான்: அடிதடிச் சிரிப்பும் கவர்ச்சிக் காட்சியும் யதார்த்தத்தைக் குலைக்கின்றனவா? இரண்டையும் ஒரே தராசில் நிறுப்பதுதான் பிழை என்பேன். அடிதடியால் யதார்த்தத்துக்குக் கேடில்லை. கதைக்குள் யாருக்கும் சொந்தமில்லாத கவர்ச்சிதான் அதைக் குலைக்கிறது.

பாவையின் உடம்பிலேயே இதற்குச் சான்று இருக்கிறது. ஆட்டுத்தோலை ஒளி ஊடுருவும்படி பதப்படுத்தி, வெட்டி, சாயம் தீட்டிச் செய்யும் உருவம் அது. ராமனைப் போன்ற பெருந்தகைகளுக்கு அசையும் மூட்டுகள் குறைவு. கோமாளிகளுக்கோ உறுப்புகள் தாராளமாக ஆடும். அறை விழுந்ததும் உடம்பு துவண்டு நிமிர்வதை விளக்கொளியில் பார்க்கிறோம். திரைக்குப் பின்னால் ஒரே கலைஞர் பாவைகளையும் ஆட்டி, அத்தனை குரலிலும் பேசுகிறார். ராமன் பேசுவது ஏட்டுத் தமிழ். கோமாளி பேசுவது மார்த்தாண்டம் சந்தையில் மீனுக்கு விலை பேசுகிறவரின் தமிழ். பசி, கடன், கஞ்சத்தனம், பெண்டாட்டியிடம் பயம் எல்லாம் அந்தக் குரலைப் பிடித்துக்கொண்டுதான் அரண்மனைக் கதைக்குள் நுழைகின்றன. உடம்பு எப்படி வளைந்தாலும் உள்ளே இருக்கும் ஆள் நமக்குத் தெரிந்தவன்.

நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு நன்கு பழக்கமான ‘ஷின்-சான்’ அனிமே தொடரும் இப்படித்தான். யோஷிடோ உசுய் 1990இல் வரையத் தொடங்கிய சித்திரக்கதை, 1992இல் தொலைக்காட்சித் தொடரானது. அம்மா குட்டியதும் மகன் தலையில் பந்துபோல் புடைக்கிறது. அடுத்த காட்சியில் மறைந்துவிடுகிறது. அப்படி எந்தத் தலையும் புடைக்காதுதான். ஆனால் வீட்டுக்கடன் கட்டும் அப்பாவின் நாறும் காலுறை, தள்ளுபடி விற்பனைக்கு ஓடும் அம்மா, ஐந்து வயதுப் பிள்ளையின் கூச்சமின்மை எல்லாம் அச்சு அசல். அந்தத் தாய் எவ்வளவு அயர்ந்துபோனாள் என்பதைத்தான் அந்தப் புடைப்பு அளந்து காட்டுகிறது. பின்புறத்தைக் காட்டி ஆடும் இந்தப் பையனின் தொடருக்கு 2008இல் இந்தியாவில் தடை வந்தது. பிள்ளைகள் பார்த்துக் கெடுவார்கள் என்ற பெற்றோரின் கவலை நியாயமானதே. ஆனால் அது வளர்ப்பைப் பற்றிய கவலை; யதார்த்தம் அதனால் கெட்டதாக யாரும் சொல்ல முடியாது. ஏனென்றால் அந்த ஆட்டம் முழுக்க அந்தப் பையனுடையது.

அனிமேயின் கவர்ச்சிக் காட்சியில் நடப்பது வேறு. காற்றில் பாவாடை பறக்கிறது, கதை நின்றுவிடுகிறது. அதுவரை கோபமும் சொந்தப் புத்தியும் கொண்டிருந்த பெண், பார்ப்பவருக்காக வைத்த வெறும் உருவமாகிறாள். கூத்திலும் இதற்கு இணை உண்டு: இடுப்பு ஒடித்து ஆடும் நடனப்பெண் பாவை, அதற்குச் சினிமாப் பாட்டு. சினிமாவோடு போட்டி போட வேண்டிய கலைஞர் வேறு எப்படிக் கூட்டம் சேர்ப்பார் என்று கேட்கலாம். வயிற்றுப்பாட்டின் நியாயம் அது, அதை மதிக்கிறேன். கலையின் கணக்கில் மட்டும் அது தேறாது. நடனப்பெண் வந்து ஆடிவிட்டுப் போவதால் ராமாயணத்தில் ஒரு துரும்பும் அசைவதில்லை. கோமாளியும் கொச்சைதானே பேசுகிறான் என்றால், ஆமாம். அந்தக் கொச்சையில் அவனுடைய ஆசையும் அசட்டுத்தனமும் வெளிப்படுகின்றன, சிரிக்கச் சிரிக்க அவனை இன்னும் கொஞ்சம் தெரிந்துகொள்கிறோம். அப்படித் தெரிந்துகொண்டதால்தான், அடுத்த அறைக்கு உளுவத்தலையன் தலையை நீட்டும்போது அவனுக்கு வலிக்குமே என்று நமக்கு ஒரு கணம் தோன்றுகிறது. ஆட்டுத்தோலில் வெட்டிய உருவத்துக்கு அதற்கு மேல் யதார்த்தம் வேண்டியதில்லை.