இரட்சணிய யாத்திரிகமும் இறைபணி நிற்றலும்

செய்த பிழைக்கு நெஞ்சம் இரங்குதல் எல்லாச் சமயத்தார்க்கும் ஒப்ப முடிந்ததாம். இரங்கிய பின்னர் அவ்வுயிர் நிற்கவேண்டிய நிலை யாது என்னும் வினாவிலேதான் சமயங்கள் தத்தம் இயல்பை வெளிப்படுத்துகின்றன. கிறிஸ்தவர் முன்னதை மனந்திரும்புதல் என்றும், பின்னதைக் கீழ்ப்படிதல் என்றும் வழங்குவர். இவ்விரண்டனையும் பொருளாகக் கொண்டு தமிழில் எழுந்த நூல்களுள் தலைமை சான்றது, எச். ஏ. கிருஷ்ணபிள்ளை இயற்றி 1894ஆம் ஆண்டில் வெளிவந்த இரட்சணிய யாத்திரிகமாகும். சைவ நன்மக்கள் அதனைப் புறச்சமய நூலென்று ஒதுக்கிவிடுதலும், தமிழ்நயம் ஒன்றே கருதிப் பொருளாராயாது புகழ்தலும் ஒருங்கே தவறாம்.

பிறர் நூலை ஆராயும் முறையினை ஆறுமுக நாவலர் முன்னரே காட்டிச் சென்றனர். யாழ்ப்பாணத்துப் பார்சிவல் பாதிரியாரோடு இருந்து விவிலியத்தைத் தமிழாக்கும் பணியில் உழைத்தவர் அவர். அந்நூலை நன்கு கற்றறிந்த பின்னரே 1854இல் சைவதூஷணபரிகாரம் எழுதினார். 1864இல் சிதம்பரத்திற் சைவப்பிரகாச வித்தியாசாலை நிறுவினார். கல்லாது மறுத்தாரல்லர். அந்நெறியே ஈண்டும் கொள்ளற்பாலது.

கிருஷ்ணபிள்ளை (1827 – 1900) திருநெல்வேலிச் சீமையில் வைணவ வேளாளர் குடியிற் பிறந்து, கம்பராமாயணம் முதலிய பேரிலக்கியங்களிற் பயின்று, 1858இல் ஞானஸ்நானம் பெற்றவர். ஆங்கில நாட்டு ஜான் பனியன் 1678இல் வெளியிட்ட உரைநடைக் கதையே அவர் காப்பியத்திற்கு முதனூல். பாவச்சுமையை முதுகிற் சுமந்த ஒருவன், அழியவிருக்கும் தன் ஊரை விட்டுப் புறப்பட்டு முத்திநகரை அடைதலே கதை. முதனூலில் இல்லாத இயேசுவின் பாடுகளைக் குமார பருவத்தில் விரித்துப் பாடினமையும், தேவாரம் என்னும் பெயராலேயே இசைப்பாக்களை அமைத்தமையும் தமிழ்ப் புலவரின் தனிச்செயல்களாம். தந்தையின் திருவுளத்திற்கு மகன் இணங்கும் பொருளைப் பாடும்போது அவர் பாட்டு உயர்ந்தோங்குகின்றது. தாதை ஏவலால் அரசு துறந்து காடேகிய இராமன் கதையிற் பழகிய உள்ளத்திற்கு அவ்விணக்கம் புதியதன்று. நிலம் முன்னரே பண்பட்டிருந்தது எனல் பொருந்தும்.

இனி, இக்கதையின் அமைப்பில் உற்று நோக்கத்தக்கது ஒன்றுண்டு. பயணியின் முதுகிற் கிடந்த சுமை எவ்விடத்து வீழ்கின்றது? முத்திநகரின் வாயிலிலன்று, வழியின் முற்பகுதியிலேயே, சிலுவையடியில் வீழ்கின்றது. அதன்பின்னரே செங்குத்தான மலையும், தாழ்மைப் பள்ளத்தாக்கும், மாயச் சந்தையும், ஐயக்கோட்டையும், இறுதியிற் பாலமில்லாத ஆறும் வருகின்றன. வழி கரடென்று அஞ்சி, வேலி கடந்து எளிய புல்வழியிற் புகுந்தமையாற்றான் பனியன் படைத்த பயணி ஐயக்கோட்டையிற் சிறைப்பட்டான். சுமை நீங்கியவனும் வழுவுவான். வழுவியவன் மீண்டும் இரங்கித் திரும்புதல் வேண்டும். ஆகவே மனந்திரும்புதல் ஒருநாளில் முடிந்துவிடும் செயலன்றென்பதும், கீழ்ப்படிதல் அதன் தொடர்ச்சியே என்பதும் போதரும். ஒருமுறை கண்ணீர் உகுத்தேன், கடன் தீர்ந்தது என்பார்க்கு இக்கதை இடந்தரவில்லை. இதுவே நூலின் உயிர்நிலை.

இதனை வேற்றுநாட்டுக் கொள்கையென்று சைவர் வியக்கவேண்டுவதில்லை. இதனை ஒத்த வரலாறொன்று கடலூர்ப் பகுதியிலேயே நிகழ்ந்துள்ளது. திருவதிகை வீரட்டானத்தில் தமக்கையார் திலகவதியார் திருநீறளிக்க, மருணீக்கியார் சூலைநோய் நீங்கித் திருநாவுக்கரசராயினர். நோய் நீங்கியது முதலில். நீற்றறையும், நஞ்சும், யானையும், கல்லொடு கட்டிக் கடலில் இடப்பட்டதும் பின்னர். அக்கல்லே மிதவையாக அவர் கரையேறிய இடம் திருப்பாதிரிப்புலியூர். அதன்பின்னும் அவர் ஓய்ந்திருந்தாரல்லர். உழவாரப்படை தாங்கித் தலந்தோறும் நடந்தனர். திருப்புகலூரில் மண்ணிடைப் பொன்னும் மணியும் விளங்கியபோது, அவற்றைப் பருக்கைக் கற்களோடு ஒப்ப வாரி வாவியில் எறிந்தனர். பழம்பிழைக்கு இரங்கிய நெஞ்சம் இறுதிநாள் வரை பணியாகவே விளைந்தது.

இதன் காரணத்தைச் சித்தாந்த நூல்கள் தெளிவுற வகுக்கும். ஆசாரியன் செய்யும் தீக்கையாற் சஞ்சிதம் எரியும். பிராரத்தம் உடலுள்ள அளவும் நுகர்ந்தே கழியும். ஆகாமியம் ஏறாதபடி ஞானம் காக்கும். அங்ஙனம் காத்தற்கு வாயில் யாதோவெனின், சிவஞானபோதத்துப் பத்தாஞ் சூத்திரம் கூறும் இறைபணி நிற்றலே என்க. தன்செயலற்று அருள்வழி நிற்பாரை வினை சாராது. சுமை வீழ்ந்த பின்னும் வழி நீண்டு கிடந்ததன் காரணம் சைவர்க்கு இவ்வாறு விளங்கும்.

அற்றேல், இரண்டும் ஒன்றே எனலாமோ எனின், ஆகாது. கிறிஸ்தவ நூல் பாவத்தை ஆதிமனிதன் கட்டளை மீறியதினின்று தொடங்கும். சித்தாந்தம் ஆணவத்தை அநாதி என்னும். ஆங்கு, செய்தவர்க்குரிய தண்டனையைப் பிறரொருவர் ஏற்றனர். ஈண்டு, வினை செய்தவனையே சாரும்; இறைவன் மலம் பரிபாகமுறும் அளவும் மறைந்து நின்று பக்குவப்படுத்திப் பின் குருவாய் வெளிப்பட்டு ஆட்கொள்வன். கட்டளை மீறினேன் என்று அழுபவன் மீண்டும் கட்டளையுட் புகுந்து அமைவன். யான் என்னும் முனைப்பே பிழைக்கு வேரெனக் கண்டவனுக்கோ, யான் கீழ்ப்படிந்தேன் என்னும் நினைவும் அறவேண்டும். நற்செயலைப் பெருமையாகக் கொள்ளலாகாதெனக் கிறிஸ்தவரும் கூறுவர். ஆயின் அப்பெருமையின் வேரைப் பாசமென வேறு பொருளாகப் பிரித்துணர்த்துவது சித்தாந்தமே.

காப்பிய அமைதியிலும் ஒரு குறை கூறற்பாலது. முதனூலில் மாந்தர் பலரும் குணப்பெயரையே இயற்பெயராக உடையர். பிடிவாதன் எனப் பெயர்பெற்றவன் இறுதிவரை பிடிவாதனே. மனந்திரும்புதலைக் கூறும் கதையில் மனந்திரும்ப இயலாத மாந்தர் மலிந்திருத்தல் முரண். சந்தையில் ஒருவன் உண்மைக்காக உயிர்விடக் கண்டு, வேறொருவன் திருந்திப் பயணியோடு புறப்படுதல் இதற்குச் சிறந்ததொரு விலக்கு. கிருஷ்ணபிள்ளை முதனூல்வழி நின்றமையால் இக்குறையையும் உடன் ஏற்றனர். சேக்கிழார் பெருமானோ, நாவரசரை வதைத்த பல்லவ மன்னனே மனந்திருந்தித் திருவதிகையிற் குணதரவீச்சரம் எடுத்ததைப் பாடினர். பகைவனும் திருந்துவன் என்று காட்டும்போதே இரக்கத்தின் பெருமை நிறைவுறும்.

இக்காப்பியத்தாற் சைவர் பெறும் பயன் மறுத்தல் அளவில் முடிவதன்று. வடக்கினின்று தில்லைக்கு வருவோர் புவனகிரியில் வெள்ளாற்றைக் கடப்பர். ஆற்றைக் கடந்தமையானே கூத்தப்பெருமான் சந்நிதி எய்தியதாகாது. இன்னும் நடக்கவேண்டிய வழியுண்டு. மார்கழித் திருவாதிரையிற் கண்ணீர் மல்கத் தரிசித்து மீண்டு, மறுநாளே பொய்யளவைக்கும் பொய்க்கணக்கிற்கும் திரும்புவார் சைவருள்ளும் உளர். நீறணிந்த நெற்றியோடு அவர் இந்நூலைப் படிப்பாராயின், சுமை வீழ்ந்த பின்னும் நடந்த அப்பயணியைக் கண்டு நாணுவர். அந்நாணமே நாவரசர் நடந்த வழியில் அவரைக் கொண்டு செலுத்துவதாகுக.

திருச்சிற்றம்பலம்.