அஸாஸேல்: பெயரில் இருக்கும் ஆடு

(‘ஃபாலன்’ படத்தின் முடிவு கீழே வருகிறது. பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வாசிப்பது நல்லது.)

1998-ல் வந்த ‘ஃபாலன்’ படத்தைப் போன வாரம் ஆலங்காயத்தில் வீட்டில் உட்கார்ந்து மறுபடி பார்த்தேன். டென்சல் வாஷிங்டன் துப்பறியும் காவலர். அவரைத் துரத்தும் பேய்க்குப் பெயர் அஸாஸேல். ஒருத்தரைத் தொட்டால் போதும், அது அடுத்த உடம்புக்குத் தாவிடும். படத்தில் இறையியல் பேராசிரியை ஒருவர் விளக்கம் சொல்கிறார். ஆனால் இந்தப் பெயருக்குள் ஒரு ஆடு நிற்பதை அவர் காட்டுவதே இல்லை.

பெயர் எங்கிருந்து வருது? லேவியராகமம் 16-ம் அதிகாரம். பாவநிவிர்த்தி நாளன்று இரண்டு வெள்ளாட்டுக் கடாக்களைக் கொண்டுவந்து சீட்டுப் போடுகிறார்கள். ஒரு சீட்டு கர்த்தருக்கு, இன்னொன்று எபிரெய மூலத்தில் ‘அஸாஸேலுக்கு’. நம்ம வீடுகளில் இருக்கும் பழைய தமிழ் வேதாகமத்தில் தேடினால் அந்தப் பெயர் கிடைக்காது. அங்கே இருப்பது ‘போக்காடு’. மொழிபெயர்த்தவர்கள் அசட்டையாக விட்டுவிடவில்லை. எபிரெயத்தில் ‘ஏஸ்’ என்றால் வெள்ளாடு, ‘அஸால்’ என்றால் போனது. இரண்டையும் சேர்த்து ‘போன ஆடு’ன்னு படிக்கும் வழக்கம் பழசு. கிரேக்க, லத்தீன் மொழிபெயர்ப்புகளும் அனுப்பிவிடப்பட்ட ஆடு என்றே எடுத்துக்கொண்டன. 1530-ல் வில்லியம் டின்டேல் இதற்காகத்தான் ‘ஸ்கேப்கோட்’ என்ற சொல்லையே உண்டாக்கினார். ‘போக்காடு’ அந்த வரிசையில் வரும் சொல், என் காதுக்கு அதில் மிக அழகானதும் அதுதான்.

ஆனால் அழகு வேற, சரி வேற. ஒரு சீட்டு கர்த்தருக்கு என்றால், மற்றதும் ஒரு ஆளுக்குத்தானே இருக்கணும்? ‘கர்த்தருக்கு ஒன்று, ஆட்டுக்கு ஒன்று’ என்பது பொருந்தி வரவில்லை. அடுத்த அதிகாரமே ஆட்டு உருவப் பேய்களுக்குப் பலி செலுத்தாதேன்னு தடுக்கிறது. வனாந்தரத்தில் யாரோ இருப்பதாக அந்த மக்கள் நம்பியிருக்கிறார்கள். பிறகு ஏனோக்கின் புத்தகம் அவனுக்கு முழு வரலாறே எழுதியது. மனுஷனுக்கு வாள் செய்யவும் பெண்களுக்குக் கண்ணுக்கு மை தீட்டவும் கற்றுக்கொடுத்த தூதன் அவன். கடைசியில் ரபேல் அவனைக் கட்டி, வனாந்தரத்தில் தள்ளி, மேலே கல்லைப் போட்டு மூடுகிறான். மில்டன் அவனுக்குச் சாத்தானின் கொடியைக் கொடுத்தார். புல்ககோவ் அவனை ‘அஸாஸெல்லோ’ என்ற கோரைப்பல் அடியாளாக்கினார். வாணியம்பாடியில் தோல் வியாபாரம் செய்யும் நண்பரிடம் இந்தப் பெயரைச் சொன்னதுமே, “இப்லீஸோட பழைய பேருங்க அது, அஸாஸீல்” என்றார். குர்ஆனில் அந்தப் பெயர் இல்லை. இஸ்லாமிய மரபுச் செய்திகளில் உண்டு. வருஷமெல்லாம் ஆட்டுத்தோலைக் கையாளுகிறவர், அந்தப் பெயருக்குள் ஆடு இருப்பதை அன்றைக்குத்தான் கேட்டாராம்.

இங்கே ஒரு சின்னச் சண்டை போட்டுக்கறேன். நம்ம செய்தித்தாள்கள் மற்றவன் பழியைச் சுமப்பவனை ‘பலிகடா’ என்கின்றன. லேவியராகமத்தை வைத்துப் பார்த்தால் அது தப்பான ஆடு. பலியாவது முதல் கடா. அதன் தோலைக்கூட யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது, பாளையத்துக்கு வெளியே எரிக்கணும். (எங்க பக்கத்து வியாபாரிக்கு இதைக் கேட்டாலே வயிறு எரியும்.) பழியைச் சுமக்கும் ஆடு உயிரோடு போகிறது.

இப்போ படத்துக்கு வருவோம். ஆரோன் இரண்டு கைகளையும் கடாவின் தலைமேல் வைத்துத்தான் ஜனங்களின் அக்கிரமத்தை எல்லாம் அதன்மேல் ஏற்றுகிறான். தொடுதல்! படத்தில் பேய் பரவுவதும் தொடுதலால்தான். அதை வெறும் திகில் உத்தி என்று முன்பு நினைத்தேன், இப்போ அப்படி நினைக்கவில்லை. கொலைகள் எல்லாம் நாயகன் தலையில் ஏற்றப்படுகின்றன. ஊர் அவனைச் சந்தேகிக்கிறது. கடைசியில் அவன் ஆள் இல்லாத காட்டுக்குள் போய், வேறு உடம்பு கிடைக்காத இடத்தில் பேயோடு சேர்ந்து சாகப் பார்க்கிறான். அவன்தான் போக்காடு. படம் பெயரை விளக்கத் தவறினாலும் கதையின் எலும்பில் அதை வைத்திருக்கிறது.

அந்த அதிகாரத்தில் என்னை அதிகம் உறுத்துவது இன்னொரு ஆள். ஆட்டைக் கூட்டிக்கொண்டு போய் விட்டவன், துணி துவைத்துக் குளித்த பிறகுதான் பாளையத்துக்குள் வரலாம். வேலையை ஊரே கொடுக்கும், தீட்டு மட்டும் அவனுக்கு. ஆம்பூர் பக்கம் தோல் ஷாப்பில் வேலை முடிந்து பஸ் ஏறுகிறவர் பக்கத்தில் உட்காராமல் நின்றுகொண்டே வருபவர்களை நான் பார்த்திருக்கிறேன். அவர்கள் காலிலும் தோல் செருப்புதான்.

படத்தின் முடிவில் ஒரு பூனை வரும், பேய் அதற்குள் புகுந்து ஊர் திரும்பும். மலிவான தந்திரம் என்று பலர் சொல்வதுண்டு. எனக்கு அதுதான் படத்திலேயே வேதத்துக்கு மிக நெருக்கமான இடம். லேவியராகமத்தில் பாவம் அழிவதில்லை, தள்ளித்தான் வைக்கப்படுகிறது. உயிரோடு விட்ட ஆடு திரும்பி நடந்து வந்துவிட்டால்? பிற்கால யூத மரபான மிஷ்னாவில் அந்த ஆட்டை வனாந்தரத்தில் சும்மா விடுவதில்லை. மலை விளிம்புக்குக் கொண்டுபோய்ப் பின்னோக்கித் தள்ளிவிடுகிறார்கள்.