நிறம் அல்ல, இறக்கை: வேட்டைப் பறவைகளை ரசிக்கும் முறை

வேட்டைப் பறவையை நிறத்தைக் கொண்டு அடையாளம் காண முயல்பவர் பெரும்பாலும் ஏமாந்துபோவார். உச்சி வெயிலில் அண்ணாந்து பார்த்தால் எல்லாமே கறுப்பாகத்தான் தெரியும். பல இனங்களில் குஞ்சுக்கு ஒரு நிறம், பெட்டைக்கு ஒரு நிறம், சேவலுக்கு வேறொரு நிறம். இறக்கையின் வடிவம், வாலின் வடிவம், பறக்கும் விதம் ஆகிய மூன்றும் அப்படி ஏமாற்றுவதில்லை. இவற்றிலும் இறக்கைக்கே முதலிடம். ஒரு பறவை எங்கே, எதை, எப்படி வேட்டையாடும் என்பதை அதன் இறக்கையே காட்டிவிடுகிறது.

அகன்று நீண்ட இறக்கையும், அதன் நுனியில் விரல்களைப் போலப் பிரிந்து நிற்கும் இறகுகளும் கழுகுகளுக்கும் பாறுகளுக்கும் உரியவை. தரை சூடேறி வெப்பக் காற்று மேலெழும்போது இவை இறக்கையை அடிக்காமலேயே வட்டமிட்டு உயர்கின்றன. அதனால் இவற்றைத் தேட விடியற்காலை உகந்ததல்ல. காலை ஒன்பது மணிக்குமேல் வானத்தைப் பார்ப்பதே பயன் தரும். குட்டையான உருண்டை இறக்கையும் நீண்ட வாலும் இருந்தால் அது மரங்களுக்கிடையே வளைந்து நெளிந்து துரத்தும் வைரி வகை. கத்திபோல் கூரான நீண்ட இறக்கை, தடையில்லாத வெளியில் வேகத்தை நம்பி வாழும் வல்லூறுக்கு உரியது. ஒடுங்கி நீண்ட இறக்கைகளைச் சற்றே மேல்நோக்கி வைத்துக்கொண்டு புல்வெளிக்கு மேல் தாழ்வாக மிதப்பது பூனைப்பருந்து. இது குளிர்காலத்தில் மட்டுமே இங்கு வரும் விருந்தாளி.

பழகத் தொடங்குபவருக்குக் கரும்பருந்தும் செம்பருந்தும் நல்ல பாடம். சென்னை போன்ற நகரங்களின் குப்பைமேடுகளுக்கும் மீன் சந்தைகளுக்கும் மேலே சுற்றும் கரும்பருந்தின் வால் நடுவில் பிளவுபட்டிருக்கும். திரும்பும்போது அந்த வாலைச் சுக்கான்போல் இப்படியும் அப்படியும் முறுக்கும். கருடன் என்று மக்கள் கும்பிடும் செம்பருந்துக்குத் தலையும் மார்பும் வெள்ளை, உடல் செங்காவி. துறைமுகங்கள், கழிமுகங்கள், தண்ணீர் நிற்கும் வயல்கள் ஆகியவை அதன் இடங்கள். இளம் செம்பருந்து பழுப்பாக இருப்பதால் கரும்பருந்து என்றே பலர் நினைத்துவிடுகிறார்கள். அதன் வால்நுனி உருண்டையாக இருக்கும், பிளவு இருக்காது. வாலைப் பார்த்தவருக்கு இந்தக் குழப்பமே வராது.

ஊருக்குள், தோட்டத்துக்குள், வீட்டு வேப்பமரத்துக்கே வந்து போகும் வேட்டைப் பறவை வைரி. புறாவை ஒத்த அளவுதான். அதைக் கண்ணால் காண்பதற்கு முன் காதால் அறியலாம். அணில்கள் விடாமல் கத்தும், தவிட்டுக்குருவிகள் கூட்டமாகக் கூச்சலிடும், மைனாக்கள் ஒரே கிளையைப் பார்த்து அலறும். அந்தக் கிளையை நிதானமாகத் தேடினால் இலை மறைவில் நிமிர்ந்து உட்கார்ந்திருக்கும். மேற்புறம் சாம்பல், மார்பில் நெருக்கமான செம்பழுப்புக் குறுக்குக் கோடுகள், வெண்தொண்டையின் நடுவே மெல்லியதொரு நெடுங்கோடு. வளர்ந்த சேவலின் கண் சிவந்திருக்கும். இளம் பறவையின் மார்பில் குறுக்குக் கோடுகளுக்குப் பதிலாக மேலிருந்து கீழாக இறங்கும் பழுப்புத் தீற்றல்கள் இருக்கும். ஓணான், சிறு பறவை, எலி, பெரிய பூச்சி என்று எதையும் விடாது. அக்காக்குயில் உருவத்திலும் பறக்கும் விதத்திலும் வைரியை அப்படியே ஒத்திருப்பதால் சின்னப் பறவைகளே ஏமாந்து பதறும். அலகைப் பார்த்தால் தீர்ந்தது: வைரியின் அலகு கொக்கிபோல் வளைந்திருக்கும், குயிலுக்கு அந்தக் கொக்கி கிடையாது.

வயல்வெளி மின்கம்பிகளில் கருந்தோள் பருந்தைத் தேடலாம். வெள்ளையும் வெளிர்சாம்பலுமான உடல், தோளில் கரும்பட்டை, இரத்தச் சிவப்பில் கண்கள். நின்ற இடத்திலேயே இறக்கையடித்து அந்தரத்தில் நிற்கும். கீழே எலி தெரிந்துவிட்டால் இறக்கைகளை மேலே தூக்கிக்கொண்டு படிப்படியாக இறங்கும். அந்தரத்தில் நிற்பதில் இதற்கு நிகரானது செந்நிற வல்லூறு. அதன் முதுகு செங்கல் நிறம், நீண்ட வால் விசிறியாக விரிந்திருக்கும். சமவெளிக்குக் குளிர்காலத்தில் வரும் இது, மேற்குத் தொடர்ச்சி மலையில் ஆண்டு முழுவதும் வாழ்கிறது.

குளிர்காலத்தில் உயர்ந்த கட்டடங்களையும் கோபுரங்களையும் ஒருமுறை தொலைநோக்கியால் துழாவிப் பார்ப்பது நல்லது. பொரி வல்லூறு அங்கே அமர்ந்திருக்கலாம். கன்னத்தில் மீசைபோல் இறங்கும் கரும்பட்டைதான் அதன் அடையாளம். உயரத்திலிருந்து இறக்கையை ஒடுக்கிப் பாயும்போது மணிக்கு 300 கிலோமீட்டரைத் தாண்டும். உலகில் இதைவிட வேகமான உயிரினம் இல்லை. இரையைக் காலால் அடித்துப் பிடிக்கும். மேலலகின் ஓரத்தில் உள்ள பல்போன்ற முனையால் கழுத்தெலும்பைத் துண்டித்துவிடும். அணைகளிலும் பழவேற்காடு போன்ற நீர்நிலைகளிலும் இதே பருவத்தில் விராலடிப்பான் மீன் பிடிப்பதைக் காணலாம். கால்களை முன்னே நீட்டித் தண்ணீருக்குள் விழுந்து, பிடித்த மீனின் தலை முன்னால் இருக்கும்படி திருப்பிக்கொண்டு போகும்.

பாறுகளைக் காண்பதுதான் இப்போது அரிதாகிவிட்டது. மாட்டுக்குப் போடப்பட்ட டைக்ளோஃபினாக் வலி மருந்து, செத்த மாட்டின் உடல் வழியே பாறுகளின் சிறுநீரகத்தைச் சிதைத்தது. 2006இல் கால்நடைகளுக்கு அந்த மருந்தைத் தருவதை இந்தியா தடைசெய்தது. அதற்குள் பேரழிவு நடந்து முடிந்திருந்தது. தென்னிந்தியாவில் மிஞ்சியவற்றின் முக்கியப் புகலிடங்களில் ஒன்று நீலகிரி அடிவாரத்து மாயாறு பள்ளத்தாக்கு.

பறவைகளைப் பழக்கி வேட்டையாடும் கலையும் இறக்கையின் வடிவத்தையே அடிப்படையாகக் கொண்டது. குட்டை இறக்கைப் பறவையைக் கையிலிருந்து நேராக இரை மீது ஏவுவார்கள். வட இந்தியாவில் காடை பிடிக்க வைரியைப் பழக்கியவர்கள் அதை உள்ளங்கையில் ஏந்தி எறிவதும் உண்டு. எறியும் விசையிலேயே அது வேகமெடுத்துவிடும். கூரிறக்கை வல்லூறை முதலில் உயரத்துக்குப் போகவிட்டு, அது தலைக்கு மேல் வட்டமிடும்போது இரையைக் கிளப்பிவிடுவது ஒரு முறை. இரையைக் கண்டதும் கையிலிருந்து விட்டுத் துரத்தச் செய்வது அரேபியர் வழக்கம். இக்கலையில் பெட்டைக்கே மதிப்பு அதிகம். பெரும்பாலான வேட்டைப் பறவைகளில் சேவலைவிடப் பெட்டையே பெரியது, வலியது.

பழக்குவதில் அடிக்கு இடமே இல்லை. வேட்டைப் பறவை தண்டனையைப் புரிந்துகொள்வதில்லை, அடித்தவரை விட்டு விலகுவது மட்டுமே அதற்குத் தெரியும். தோல் கையுறை அணிந்த கையில் உட்கார்ந்து பயமின்றி இறைச்சி தின்பது முதல் படி. பிறகு அந்த இறைச்சிக்காக ஒரு முழம் தாவி வரும். அடுத்து, காலில் நீண்ட கயிறு கட்டியபடி தொலைவிலிருந்து பறந்து வரும். தயங்காமல் வருகிறது என்று உறுதியான பின்புதான் கயிறு கழற்றப்படும். கண்ணை மறைக்கும் தோல் தொப்பி பறவையை அமைதிப்படுத்தும், காலில் கட்டிய மணி அது எங்கே இருக்கிறது என்று காட்டும். இப்போது மணியோடு சிறு ரேடியோ கருவியும் சேர்ந்திருக்கிறது. தினமும் தராசில் நிறுத்துப் பார்ப்பதுதான் எல்லாவற்றிலும் முக்கியம். எடை கூடினால் பசி இராது, திரும்பி வராது. எடை குறைந்தால் பலமிழந்துவிடும். எத்தனை ஆண்டுகள் பழகினாலும் அது வீட்டுப் பறவை ஆவதில்லை. ஒவ்வொரு முறை பறக்கவிடும்போதும் போய்விடும் வாய்ப்பு அதற்கு உண்டு. இருந்தும் அது திரும்பி வருகிறது என்பதில்தான் இக்கலையின் அழகு முழுவதும் இருக்கிறது.

13ஆம் நூற்றாண்டிலேயே பேரரசர் இரண்டாம் பிரெடரிக் இக்கலை பற்றி லத்தீனில் விரிவான நூல் எழுதினார். முகலாயர் அவையிலும் பிற்காலத்தில் பாவ்நகர் சமஸ்தானத்திலும் இது செழித்திருந்தது. 2010இல் யுனெஸ்கோ இதை மானுடத்தின் பண்பாட்டு மரபுகளில் ஒன்றாகப் பட்டியலிட்டது. இந்தியாவில் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி காட்டுப் பறவையைப் பிடிப்பது குற்றம். அடிபட்டு விழுந்த பருந்தையோ வைரியையோ கண்டால் வனத்துறைக்குத் தெரிவிக்க வேண்டும், வீட்டில் வைத்து வளர்க்கக் கூடாது.

இக்கலையை உயிரோட்டத்தோடு காண வளைகுடா நாடுகளில் வாழும் தமிழர்களுக்கு நல்ல வாய்ப்பு இருக்கிறது. தோஹாவின் சூக் வாகிஃப் சந்தையில் வல்லூறுக் கடைகளும் அருகிலேயே வல்லூறு மருத்துவமனையும் உண்டு. ஐக்கிய அரபு அமீரகத்தில் வல்லூறுக்குப் பாஸ்போர்ட்டே தருகிறார்கள். அபுதாபி வல்லூறு மருத்துவமனை பார்வையாளர்களை உள்ளே அழைத்துக் காட்டுகிறது. அங்கே கவனிக்க வேண்டியது இறகு ஒட்டும் வேலை. ஒடிந்த இறகின் அடித்தண்டை விட்டுவைத்து, முன்பு உதிர்ந்த இறகுகளிலிருந்து அதே இனத்தின், அதே வரிசையின் இறகைத் தேர்ந்து, மெல்லிய மூங்கில் குச்சியையோ அதுபோன்ற இலேசான ஊசியையோ இரு தண்டுகளுக்குள்ளும் செருகிப் பசையால் பொருத்துகிறார்கள். அடுத்த இறகுதிர்ப்பில் புது இறகு முளைக்கும்வரை பறவை அதைக் கொண்டே பறக்கும்.